வாதம் வேறு, சண்டை வேறு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபொழுது, எதைப் பற்றிப் பேசுவது என்று நெடுநேரம் எண்ணினேன். நான் பேராசிரியன் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். நாள்தோறும் என் மேசைக்கு வருபவை கோப்புகளே. அக்கோப்புகளிற் பல, ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் ஏதோ ஒன்றில் ஒவ்வாமையால் பிறந்தவை. அவற்றைப் படித்துப் படித்து எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. மக்கள் மாறுபடுவதால் விளையும் தீமையைக் காட்டிலும், அம்மாறுபாட்டிற்குத் தவறான பெயர் இடுவதால் விளையும் தீமையே பெரிது. ஆகவே, மாறுபடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பொருள் வேறுபாட்டையும், அவற்றிற்கு நிகராக நம் தமிழில் வழங்கும் சொற்களின் நிலையையும் இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

முதற்கண், நாம் வாழும் இந்தச் சயானையே எடுத்துக்கொள்வோம். நம் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மராட்டியில் ‘ஷீவ்’ என்றும் ஆங்கிலத்தில் ‘சயான்’ என்றும் எழுதப்பட்டிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கின்றோம். ‘ஷீவ்’ என்றால் மராட்டியில் எல்லை என்பது பொருள். பழைய பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் எல்லையாக இவ்விடம் இருந்தது. ஒருபுறம் ஆங்கிலேயரும் மறுபுறம் போர்த்துகீசியரும் ஆண்ட காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் கட்டிய காவற்கோட்டை இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. மற்றொரு சாரார், கிறித்தவத் துறவியர் தங்கள் திருமறையிற் கண்ட சீயோன் மலையின் பெயரை இவ்விடத்திற்கு இட்டனர் என்பர். இரண்டு விளக்கங்கள் உள. இரண்டிற்கும் காரணங்கள் உள. இதன்பொருட்டு எவரும் எவரையும் பகைப்பதில்லை. இதனை ஆங்கிலத்தில் ‘டிஃபரன்ஸ் ஆஃப் ஒப்பீனியன்’ என்பர். தமிழில் கருத்து வேறுபாடு என்போம். மாறுபாட்டின் முதற்படி இதுவே. இது நோயன்று, மனிதர்க்கு மூளை உண்டு என்பதற்கு அடையாளம்.

இனி, அடுத்தடுத்த படிகளைக் காண்போம்.

‘டிஸ்கஷன்’ என்பது ஒரு பொருளைப் பலர் கூடி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பது. இங்கே வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை. மகளை எந்தக் கல்லூரியிற் சேர்ப்பது என்று கணவனும் மனைவியும் பேசுவது இது. கலந்தாய்வு, கலந்துரையாடல் என்பன நம் சொற்கள்.

‘ஆர்க்யுமென்ட்’ என்பது காரணம் காட்டி ஒன்றை நிறுவுவது. இதற்கு எதிராளி கூட வேண்டுவதில்லை. தனியே அமர்ந்து நூல் எழுதும் அறிஞனும் வாதிடுகின்றான். ஆனால் இச்சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ‘ஆர்க்யூ’ என்பதன்பின் ‘தட்’ வந்தால், இன்னது உண்மை எனக் காரணங் காட்டுதல் என்று பொருள். அதன்பின் ‘வித்’ வந்தால், ஒருவரோடு சொல்லுக்குச் சொல் மோதுதல் என்ற சாயலும் ஏறிவிடும். ஓர் இடைச்சொல் மாறுவதால் அறிவு வேலை சினத்தின் வேலையாக மாறிவிடுகின்றது.

‘டிபேட்’ என்பது ஒழுங்கிற்கு உட்பட்ட சொற்போர். அதற்குத் தலைப்பு உண்டு, தலைவர் உண்டு, கால அளவு உண்டு, கேட்போர் உண்டு. ஒருவர் பேசும்பொழுது மற்றவர் காத்திருக்க வேண்டும். முடிந்தபின் இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர்.

‘டிஸ்பியூட்’ என்பது உரிமை பற்றியது. ஒரே பொருளை இருவரும் தமது என்பர்; அல்லது ஒருவர் உண்டு என்பதை மற்றவர் இல்லை என்பர். இதிற் குறிக்கத்தக்க இயல்பு ஒன்று உளது. சண்டைக்கு வாய் வேண்டும்; டிஸ்பியூட்டுக்கு வாய் வேண்டுவதில்லை. ஊரிலுள்ள பங்கு நிலத்தைப் பற்றி அண்ணனும் தம்பியும் பத்தாண்டுகள் ஒரு சொல்லும் பேசாமல் இருக்கலாம். அப்பொழுதும் அது இருந்துகொண்டேயிருக்கும். அதனைத் தீர்க்கப் பெரும்பாலும் மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகின்றார்.

‘குவாரல்’ என்பது சண்டை. இதில் பொருள் பின்னே போய்விடுகின்றது. ஆள் முன்னே வந்துவிடுகின்றான். உறவுடையவர்களிடையேதான் இது பெரும்பாலும் நிகழும். முன்பின் அறியாத இருவர் மாலைநேரக் கல்யாண் வண்டியில் நான்காவது இருக்கைக்காகக் கூச்சலிடுகின்றனரே, அதனை ஆங்கிலத்தில் ‘ஆல்டர்கேஷன்’ என்பர். அது தாதரில் தொடங்கித் தாணாவில் முடிந்துவிடும். குவாரல் அவ்வாறு நிலையம் வந்தால் இறங்கிவிடுவதன்று. வீடு வரை கூட வரும்.

சிறிய செய்திகளுக்காக ஓயாமல் முணுமுணுத்துக்கொள்வது ‘பிக்கரிங்’. நெடுநேரம் இழுபறியாகக் கத்திக்கொண்டிருப்பது ‘ராங்கில்’. இச்சொல்லைப் பற்றி இந்த மாநிலத்தவர் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வில் முதல் வகுப்பிற் தேறியவரை ‘ராங்லர்’ என்பர். பழங்காலத்தில் அங்கே தேர்வு எழுத்திலன்றி வாய்மொழி வாதமாக நடைபெற்றமையால் எழுந்த பெயர் அது. அவருள் முதலிடம் பெற்றவர் ‘சீனியர் ராங்லர்’. 1899ஆம் ஆண்டில் அவ்விடத்தை எய்திய முதல் இந்தியர் மகாராட்டிரத்தைச் சேர்ந்த ஆர். பி. பராஞ்ஜபே ஆவார். பின்னர்ப் புனே பெர்குசன் கல்லூரியின் முதல்வராக விளங்கிய அவரை மக்கள் ‘ராங்லர் பராஞ்ஜபே’ என்றே அழைத்தனர். சச்சரவைக் குறிக்கும் ஒரு சொல் பட்டப்பெயராய்ப் பொலிந்தது விந்தையன்றோ!

இறுதியாக, ‘காண்ட்ரவர்ஸி’. இது பலர் கலந்துகொண்டு, பொதுவெளியில், பெரும்பாலும் எழுத்து வாயிலாக, நெடுங்காலம் நடப்பது. வள்ளலாரின் திருவருட்பா 1867இல் வெளிவந்தபின், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சார்பினர்க்கும் வள்ளலார் சார்பினர்க்கும் இடையே எழுந்த அருட்பா – மருட்பாப் பூசல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கொள்கை வாதமாகத் தொடங்கியது, மாறி மாறி வெளிவந்த துண்டு நூல்களில் வசையாயிற்று. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காகவும் வந்தது. இரு பெரியோரும் சைவத்திற்கும் தமிழுக்கும் அருந்தொண்டு ஆற்றியவர்கள். அத்தகையோரைச் சூழ்ந்தும் வாதம் இவ்வாறு படி இறங்குமாயின், நாம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

இச்சொற்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. நம் வயிற்றோடும் தொடர்புடையது. எனக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தார். வேலை முறையை மாற்றியமைத்தது சரியன்று என்று தம் மேற்பார்வையாளரிடம் அமைதியாகக் காரணம் கூறினார். மறுநாள், நடந்ததை எழுதித் தருமாறு கேட்டனர். ‘வாதாடினேன்’ என்பதற்கு ஆங்கிலம் எது என்று அவர் தேடினார். நாவில் வந்த சொல் ‘குவாரல்’. ‘மேற்பார்வையாளரோடு குவாரல் செய்தேன்’ என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். அதற்குமேல் எவரும் சான்று தேடவில்லை. சண்டையிட்டதை அவரே ஒப்புக்கொண்டார் என்று முடிவு செய்து, ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்திவிட்டனர். அவர் செய்தது வாதம், எழுதியது சண்டை, தண்டனை எழுதியதற்குக் கிடைத்தது. ‘கருத்து வேறுபாட்டைத் தெரிவித்தேன்’ என்று எழுதியிருப்பாராயின் அந்தத் தாள் அவரைக் காத்திருக்கும்.

பெரியோர்களே! இச்சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் மற்றொரு வியப்புக் காத்திருக்கின்றது. இன்று மிகவும் சாதுவாகத் தோன்றும் ‘டிஸ்கஸ்’ என்னும் சொல், இலத்தீனில் உலுக்கிச் சிதறடித்தல் என்று பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. ‘டிபேட்’ என்பது பழைய பிரெஞ்சில் அடித்தலைக் குறித்த சொல்லினின்று வந்தது. மாறாக, இன்று கசப்பு மிகுந்த ‘குவாரல்’ என்பதோ இலத்தீனில் வெறும் முறையீட்டையே குறித்தது. ‘ஆர்க்யூ’ என்பதன் தாய்ச்சொல்லுக்குத் தெளிவாக்குதல் என்பது பொருள். ‘டிஸ்பியூட்’ என்பதன் வேரில் எண்ணிப்பார்த்தல், கணக்கிடுதல் என்னும் பொருள் உறைகின்றது. அடிதடியாகப் பிறந்தவை ஒழுங்கு பெற்றன. முறையீடாகப் பிறந்தது சண்டையாயிற்று. கேட்பாரற்ற முறையீடு நாளடைவில் சண்டையாக மாறும் என்னும் உலகியலை அந்த ஒரு சொல்லே நமக்குக் கூறுகின்றது.

இனி நம் நகருக்கு வருவோம். மும்பையில் வாழும் தமிழர்க்கு ஆங்கிலத்தினும் இடர் தருவன இந்தியும் மராட்டியும் ஆகும். ஏனெனில் அம்மொழிகளில் நமக்குப் பழக்கமான சொற்களே வேறு பொருளோடு உலவுகின்றன. மூன்று சொற்களை மட்டும் காட்டுகின்றேன்.

முதலாவது, ‘விவாதம்’. தமிழில் இது நன்முறையில் ஆய்ந்து பேசுதலைக் குறிக்கும். சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தின்மீது விவாதம் நடைபெற்றது என்போம். இந்தியிலோ ‘விவாத்’ என்று தனித்து வந்தால் அது தகராற்றைக் குறிக்கும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தை இந்தியில் ‘ஔத்யோகிக் விவாத்’ சட்டம் என்றே மொழிபெயர்த்தனர். ‘வாத்-விவாத்’ என்று இரட்டையாக வந்தால்தான் அது பள்ளிப் பிள்ளைகளின் சொற்போர்ப் போட்டி ஆகும். மராட்டியில் ‘வாத்’ என்பதே உரிமைப் பூசலையும் குறிக்கும். பெல்காம் பற்றிய எல்லைச் சிக்கலை ‘சீமாவாத்’ என்கின்றனர். நம் தமிழ் எழுத்தில் வாதம் என்பது முடக்கு நோயையும் குறிக்கின்றமையால், நாம் எவரையும் நகைக்க இயலாது!

இரண்டாவது, ‘சர்ச்சை’. இன்றைய தமிழ்ச் செய்தித்தாளில் ஒருவர் சர்ச்சையிற் சிக்கினார் என்றால் அவர்க்கு இடர் வந்தது என்று பொருள். இந்தியிலும் மராட்டியிலும் ‘சர்ச்சா’ என்பது வெறும் கலந்தாய்வு. எதிர்வீட்டு மராட்டிய அன்பர், ‘உங்களோடு சர்ச்சா செய்ய வேண்டும்’ என்றால் நாம் அஞ்ச வேண்டுவதில்லை, தேநீர் வைக்கலாம். ஆனால் நாம் அவரிடம், ‘உங்களோடு விவாத் செய்ய வருகின்றேன்’ என்றால் அவர் கதவைச் சாத்தக்கூடும். இரு சொற்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்கின்றன.

மூன்றாவது, ‘தகராறு’. இது ‘தக்ரார்’ என்னும் அரபுச் சொல். அம்மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பது அதன் பொருள். அது உருது, இந்தி வழியே வந்தபொழுது சண்டையாயிற்று. தமிழில் தகராறு ஆயிற்று. மராட்டியிலோ அஃது இன்றும் முறையீடே. அலுவலகச் சுவரில் ‘தக்ரார் பேட்டி’ என்று எழுதிய பெட்டியைக் கண்டு, இது தகராறு செய்வோர்க்கு வைத்த பெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் குறையை எழுதிப் போடுவதற்குரிய பெட்டி அது. இலத்தீனில் முறையீடாக இருந்தது ஆங்கிலத்தில் சண்டையானதையும், அரபியில் திரும்பச் சொல்லுதலாக இருந்தது மராட்டியில் முறையீடும் தமிழில் சண்டையும் ஆனதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சண்டை என்பதுதான் என்ன? கேட்கப்படாத ஒரு முறையீட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லுதலேயன்றோ?

ஆங்கிலம் இத்தனை நுட்பம் உடையதாயின், நம் தமிழ் இதில் ஏழைமொழியோ என்று இளைஞர்கள் ஐயுறலாம். ஒருபோதும் இல்லை. நம் வீட்டில் இன்றும் பாட்டிமார், ‘விதண்டாவாதம் பேசாதே’ என்று கடிவதைக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் நியாய சாத்திரத்தினின்று நம் அடுக்களைவரை வந்தது. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தை மூன்றாகப் பகுக்கின்றது. உண்மையைக் காண்பதற்காகச் செய்வது வாதம். எவ்வாறேனும் வெல்வதற்காகச் செய்வது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையும் நிறுவாமல், பிறர் கொள்கையை உடைப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்டது விதண்டை. இப்பகுப்பை ஒரு காகிதத்தில் எழுதி நம் பொதுக்குழு நடைபெறும் அறையில் மாட்டலாம்.

‘டிஸ்பியூட்’ என்பதற்குத் தமிழில் வழக்கு என்னும் அரிய சொல் உண்டு. ஒரே பொருளை ஒவ்வொருவரும் தம்முடையது என்று கொண்டு, அதன் காரணமாக ஒருவரோடொருவர் மாறுபடுவதே வழக்கு என்னும் கருத்தில், திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் விளக்கி, அது பதினெட்டு வகைப்படும் என்றும் குறிக்கின்றார். இதனினும் சிறந்த இலக்கணத்தை எந்த ஆங்கில அகராதி தரும்?

வாதத்தின் உச்சியைக் காண விரும்புவோர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பயில வேண்டும். கணவனை இழந்து, தலைவிரி கோலமாய் வந்த கண்ணகியின் நெஞ்சில் நெருப்பு எரிகின்றது. எனினும் பாண்டியன் அவையில் அவள் வழக்கை வென்றது சினத்தாலன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பினது முத்து என்றான் மன்னன். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. தெளிவாக்குதல் என்று ‘ஆர்க்யூ’வின் தாய்ச்சொல்லுக்குப் பொருள் கூறினேனே, அதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை. தோற்ற மன்னனும் தீர்ப்பைத் தன் உயிரால் ஏற்றான்.

மணிமேகலையோ சொற்போருக்கு ஒழுங்கு வகுத்த காப்பியம். புகார் நகரில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபத்தில் ஏறி முறையாக வாதிடுக என்று அழைக்கின்றான். அதே மூச்சில், பகைவரிடத்தும் செற்றமும் கலாமும் கொள்ளாது விலகுக என்றும் அறிவுறுத்துகின்றான். செற்றம் என்பது நெஞ்சில் நெடுநாள் தங்கும் பகை. கலாம் என்பது சச்சரவு. வாதத்திற்கு மேடை போட்ட அந்த நாவே சண்டைக்குத் தடையும் இட்டது. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிந்து, பின் காஞ்சியை அடைகின்றாள். அங்கே அறவண அடிகள் அவளுக்கு அறத்தை உரைப்பதன்முன் அளவை நெறியைக் கற்பிக்கின்றார். எது நல்ல காரணம், எது போலிக் காரணம் என்று பகுத்துக் காட்டுகின்றார். ‘டிஸ்பியூட்’டின் வேர் கணக்கிடுதல், நம் ‘அளவை’யின் வேர் அளத்தல். இரண்டு மொழியினரும் ஒன்றையே உணர்ந்திருக்கின்றனர்.

அந்த மரபு அறுந்துவிடவில்லை. 1943ஆம் ஆண்டில் கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகிய நூல்களைக் கொளுத்தலாமா என்னும் பொருள் குறித்து, அறிஞர் அண்ணா சென்னையில் பேராசிரியர் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறிச் சொற்போர் நிகழ்த்தினார். பொருளோ நெருப்புப் போன்றது. தலைப்பே கொளுத்துவதைப் பற்றியது. ஆயினும் இரு சாராரும் ஒரே மேடையில் பேசினர். மக்கள் இருவரையும் கேட்டனர். அச்சொற்பொழிவுகள் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலில் இன்றும் கிடைக்கின்றன. எப்பக்கத்தை ஏற்பவரும் அதனைப் படித்துப் பயன் பெறலாம்.

இல்லறத்திற்கும் தமிழ் தனிச்சொற்கள் வைத்திருக்கின்றது. கணவன் மனைவியரிடையே தோன்றும் மென்மையான பிணக்கு ஊடல். அது சிறிது வளர்ந்தால் புலவி, முற்றினால் துனி. திருவள்ளுவர் தம் நூலின் இறுதி அதிகாரத்திற்கு ஊடலுவகை என்றே பெயரிட்டார். அப்பிணக்கு உணவில் இடும் உப்பைப்போல் அளவோடு இருத்தல் வேண்டும் என்று கருதினார். உலகில் வேறெந்த அறநூல் பிணக்கின் இன்பத்தோடு நிறைவு பெறுகின்றது? இத்தனை செல்வமும் இருக்க, இன்று நம் காலனிக் குழந்தைகள் எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லைக் கையாளுகின்றனர். ‘அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஃபைட்’. ஊடலும் ஃபைட், கலந்தாய்வும் ஃபைட், மளிகைக் கணக்குப் பார்ப்பதும் ஃபைட். சொல் ஒன்றாகிவிட்டால், குழந்தையின் மனத்தில் அச்சமும் ஒன்றாகிவிடும்.

தவறான பெயர் எத்துணைப் பெருந்தீங்கை விளைக்கும் என்பதற்குக் காவிரியே சான்று. அந்நீரைப் பங்கிடுதல் பற்றி 1892ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் சென்னை, மைசூர் அரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அஃது உரிமை வழக்கு. ‘டிஸ்பியூட்’ என்னும் வகையைச் சேர்ந்தது. நம் அரசியல் சட்டத்தின் 262ஆம் பிரிவும், 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தாவாச் சட்டமும் அதற்கு வழி வகுத்துள்ளன. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில், இரண்டு அரசுகளின் வழக்கைச் சிலர் இரண்டு மக்களின் சண்டையாக மாற்றிவிட்டனர். பெங்களூரில் அன்றாடங் கூலி செய்து பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் வீடிழந்து ஓடின. அவர்கள் எந்த அணையையும் திறந்தவரும் அல்லர், அடைத்தவரும் அல்லர். பின்னர் 2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டிற்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. தண்ணீரின் அளவைக் கூட்டியதும் குறைத்ததும் ஏடுகளும் எண்களுமே. எரிந்த குடிசைகள் ஒரு துளி நீரையும் எவர்க்கும் பெற்றுத் தரவில்லை. பிற மாநிலத்தில் வாழும் நாம் இதனை மறத்தலாகாது. வழக்கு சண்டையாகும்பொழுது முதலில் அடிபடுவோர், அவ்வழக்கில் ஒரு பங்கும் இல்லாத நம் போன்றோரே.

மறுபுறம், மாறுபாட்டிற்கு உரிய இடத்தை முன்கூட்டியே அமைத்துவைத்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு நான் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. இந்திய இரயில்வேயில் 1952 ஜனவரி முதல் நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு ஒன்று நடைமுறையில் இருந்து வருகின்றது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் குறித்த காலங்களில் கூடும். பேசவேண்டிய பொருள்கள் முன்னரே எழுத்தில் வரும். கோட்டம், மண்டலம் ஆகிய நிலைகளில் உடன்பாடு ஏற்படாதவை இரயில்வே வாரியத்திற்குச் செல்லும். அங்கும் தீராதவற்றை நடுவர் தீர்ப்பாயத்திற்கு விடவும் வழி உண்டு. இவ்வமைப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் கூறவில்லை. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த பெரும் வேலைநிறுத்தத்தை இரயில்வேக் குடும்பங்கள் மறக்கவில்லை; பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இருபது நாள்களே சான்று. எனினும் அதன்பின்னும் இரு சாராரும் அதே மேசைக்குத் திரும்பி வந்தனர். திரும்பி வருவதற்கு ஒரு மேசை இருந்ததே அதன் பயன். குடியிருப்புக் கூரையின் ஒழுக்கு முதல் பதவி உயர்வுப் பட்டியல் வரை, எத்தனையோ முறையீடுகள் சண்டையாக முற்றாமல் ஒரு தாளில் வரிசை எண் பெற்று நிற்கின்றன.

அன்பர்களே, நம் இல்லத்திலும் சங்கத்திலும் அத்தகைய மேசை உண்டா?

ஆங்கிலப் பள்ளியில் பயிலும் மகன் ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு மூன்று காரணங்களும் சொல்கின்றான். பள்ளியில் ஆசிரியை அதற்கு மதிப்பெண் தருகின்றார். வீட்டிலோ தந்தை, ‘எதிர்த்துப் பேசாதே’ என்கின்றார். மகன் செய்தது வாதம். தந்தை கேட்டது சண்டை. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தால் பிள்ளை என்ன செய்வான்? வாதத்தைப் பள்ளிக்கும் நண்பர்க்கும் என்று ஒதுக்கிவிடுவான்; அங்கே ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுவான். வீட்டில் தமிழில் ‘சரி’, ‘வேண்டாம்’, ‘பசிக்கிறது’ என்னும் மூன்று சொற்களே எஞ்சும். தமிழ் இந்நகரில் நம் பிள்ளைகளின் நாவினின்று நழுவுவதற்குப் பள்ளிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. எந்த மொழியில் மறுத்துப் பேச இடமில்லையோ, அந்த மொழியில் சிந்திக்கவும் இடமிராது. ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதற்கு மாறாக, ‘காரணத்தைத் தமிழில் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். மொழியும் வளரும், மகனும் விலகமாட்டான்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். வாதிட உரிமை உண்டு என்பதால் குரலை உயர்த்த உரிமை உண்டு என்பதன்று. பேசப்படும் பொருளைத் தாக்குங்கள், பேசுகின்றவரைத் தாக்காதீர்கள். பெரியவர் கூற்றை மறுக்கும்பொழுது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு ஓர் ஐயம்’ என்று தொடங்குவது கோழைத்தனமன்று, அவையறிதல்.

சங்கத்தைப் பற்றியும் ஒன்று கூறி அமைகின்றேன். பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து கணக்கைப் பற்றிக் கேட்டால் அது சண்டையன்று, அவர் கடமை. விடையளிப்பது செயலாளரின் கடமை. கேட்டவரைக் கலகக்காரர் என்று முத்திரையிட்டால், அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். அதற்கடுத்த ஆண்டு அவரைச் சார்ந்த பத்துக் குடும்பங்கள் வாரா. பிறகு ஒரே காலனியில் இரண்டு பொங்கல் விழா நடக்கும். அவ்வாறே, கேட்பவரும் விடை கிடைத்தபின் அதே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், அரபுச் சொல்லின் பொருளின்படி அது தகராறாகிவிடும்.

ஆகவே, எவரோடேனும் மாறுபாடு தோன்றும்பொழுது, வாயைத் திறப்பதன்முன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நாம் மாறுபடுவது எதைப் பற்றி: ஓர் உண்மையைப் பற்றியா, ஓர் உரிமையைப் பற்றியா, மனத்திற் பட்ட ஒரு புண்ணைப் பற்றியா? நமக்கு வேண்டுவது எது: தெளிவா, பங்கா, ஆறுதலா, வெற்றியா? இதனை முடித்துவைப்பது எது: காரணமா, நடுவரா, ஓர் இன்சொல்லா? உண்மையைப் பற்றியதாயின் வாதிடுவோம். உரிமையைப் பற்றியதாயின் நடுவரை நாடுவோம். மனப்புண்ணைப் பற்றியதாயின், வாதத்தாலும் தீர்ப்பாலும் அஃது ஆறாது. அருகில் அமர்ந்து கேட்போம். வெற்றி ஒன்றே வேண்டுமாயின், அன்று பேசாதிருப்போம்.

எல்லை என்று பொருள்படும் ஊரில் குடியிருக்கின்றோம். வாதத்திற்கும் சண்டைக்கும் இடையேயுள்ள எல்லையையும் அறிந்து வாழ்வோமாக!  என் கூற்றில் மாறுபடுவோர் உளரெனில், உணவு வேளையில் என்னிடம் தாராளமாக வாதிடலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.